பாதி அவரிடம், பாதி எங்களிடம்

பையின் சிப் அறுந்து போயிருந்ததால் அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தேன். பின்னால் கராஜின் இரும்புக் கதவு இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஆகவில்லை. மழைத் தண்ணீர் தேங்கிய குழிகளைச் சுற்றிக்கொண்டு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் ரயில் நிலையப் பக்கமாகப் போனேன். எங்கே போவதென்று முடிவெடுக்கவில்லை. அதுவரை கராஜின் மேல்தட்டில்தான் படுத்தேன். அந்தக் கதவின் திறப்புச் சாவியைச் சற்று முன்னர்தான் எல்லோரும் பார்க்கும்படி மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

வேலை போவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வவுனியா, கட்டார், பலெர்மோ என்று போன இடமெல்லாம் லொறிகளுக்குக் கீழே படுத்தே பிழைத்தேன். ஒரு இடம் போனால் இன்னொரு இடம் வரும். ஆனால் கள்ளன் என்று சொல்லி என்னை யாரும் அனுப்பியதில்லை. லண்டனில் நம்முடைய ஆட்களின் கராஜ்கள் எல்லாம் ஒரே தொலைபேசிக்குள் இருப்பவை. ஈஸ்ட்ஹாமில் காலையில் சொன்னது பின்னேரம் ஹரோவில் தெரிந்துவிடும். காட்டுவதற்கு என்னிடம் சான்றிதழ் ஏதும் கிடையாது. ‘பெடியன் கை சுத்தம்’ என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதை வைத்துத்தான் வேலை கிடைக்கும். அந்தப் பேச்சு போனால் எனக்கு எல்லாம் போன மாதிரி.

காணாமல் போனதாக அவர்கள் சொன்ன பொருள், முழங்கை நீளமுள்ள ஒரு இரும்புத் துண்டு. பினியன்.

லொறிக்காரர் யாழ்ப்பாணத்து ஆள், ஹரோவில் வீடு. கடைகளுக்கும் கோயில்களுக்கும் தேங்காய் மூட்டை போடுகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் யாரையும் நம்பமாட்டார். லொறியை எங்களிடம் விட்டுப் போகும்போது டீசல் தாங்கியின் மூடியைக் கழற்றிக் கையில் கொண்டுபோவார். அவருடைய பழைய லொறியின் எஞ்சின் களைத்துப் போக, விபத்தில் நொறுங்கிய வேறொரு வண்டியிலிருந்து பலமான எஞ்சின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். “இதைத் தூக்கி அதுக்குள்ள வையுங்கோ, முடிஞ்சுது” என்றார்.

கராஜ்காரர் நாமக்கல்லில் இருந்து வந்தவர். லொறி ஊர்க்காரர் என்பதால் அவருக்கு இந்த வேலை தண்ணீர்பட்ட பாடு. “வச்சா முடியாதுங்கண்ணா, வச்சாத்தான் ஆரம்பம்” என்றார். புது எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டே அதிகம் இழுக்கிற வகை. பழைய கியர்பொக்ஸின் பற்கள் அந்த இழுவையைத் தாங்காது. பின் அச்சுக்குள் இருக்கிற பற்சக்கரங்களையும் மாற்ற வேண்டும். அவை பழைய எஞ்சினுக்கு ஏற்றவை, எஞ்சின் பல தடவை சுற்றினால்தான் வண்டிச் சில்லு ஒரு தடவை சுற்றும். அப்படியே விட்டால் பெரிய சாலையில் புது எஞ்சின் கத்திக் கத்தியே செத்துப் போகும்.

லொறிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உண்மையாவே தேவையோ, இல்லாட்டி இந்தியாக்காரன் பில்லை நீட்டுறானோ?” என்று கேட்டார்.

“தேவை அண்ணை.”

“நீயும் அவன்ரை ஆள்தானே, வேற என்ன சொல்லுவாய்” என்றார்.

கனமான கியர்பொக்ஸ் ஒன்று கிடைத்தது. அச்சுப் பற்சக்கரங்களுக்காகத் தேம்ஸ் கரைப் பக்கம், லொறிகளை உடைத்து விற்கும் ஒரு யார்டுக்கு நானும் லொறிக்காரரும் போனோம். யார்ட்காரர் லித்துவேனியர். இந்த வேலையில் பற்சக்கரங்கள் சோடியாகத்தான் வரும். தட்டு மாதிரிப் பெரிய சக்கரம் ஒன்று, அதைச் சுழற்றும் சின்னப் பினியன் ஒன்று. தொழிற்சாலையிலேயே இரண்டையும் ஒன்றோடொன்று உரசவிட்டுப் பழக்கி, இரண்டிலும் ஒரே நம்பரைக் கீறிவிடுவார்கள். பற்களின் கணக்கு ஒன்றாக இருந்தாலும் ஒரு சோடியின் பினியன் இன்னொரு சோடியின் சக்கரத்தோடு வாழாது. லொறிக்காரர் பிறகு உதவும் என்று இரண்டு சோடி எடுத்தார். ஒன்று முப்பத்தொன்று, மற்றது அறுபத்துநாலு. யார்ட்காரர் ஒவ்வொரு சோடியையும் கம்பியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்து, பிரிக்கவேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார்.

கராஜுக்கு வந்ததும் லொறிக்காரர் செய்த முதல் வேலை கம்பிகளை வெட்டியது.

“அண்ணை, கலந்து போகும்.”

“தம்பி, நான் கோயில் கமிட்டியில இருக்கிறன். எங்கட உண்டியலுக்கு ரெண்டு பூட்டு. ஒரு திறப்பு தலைவரிட்ட, மற்றது என்னட்ட. ஒருத்தன் தனியத் திறக்க ஏலாது. அதாலதான் இண்டைக்கு வரைக்கும் ஒரு சதம் காணாமப் போகேல்லை.” அவர் பினியன்கள் இரண்டையும் பழைய துவாயில் சுற்றினார். “பெரிய ரெண்டும் உங்களோட இருக்கட்டும். சின்ன ரெண்டும் என்னட்ட. பாதியை ஆர் களவெடுப்பான்? எடுத்தாலும் விக்க ஏலாது.”

நாமக்கல்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “அண்ணன் எஞ்சினையும் பாதி வீட்டுக்குக் கொண்டுபோனா நல்லாருக்கும்” என்றார், அவர் போன பிறகு.

பெரிய சக்கரம் முப்பத்தொன்றைச் சுத்தம் செய்து வைத்தோம். பூட்டுவதற்கு முதல் நாள் பின்னேரம் லொறிக்காரர் பினியனைக் கொண்டுவந்தார். வீட்டுச் சாமியறையில் வைத்துப் பூசை செய்திருந்தார். பினியனின் வட்டத் தலையில் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். நம்பர் கீறியிருப்பதும் அந்தத் தலையில்தான்.

“பொட்டை அழிக்கப்படாது. அது தானா எண்ணெயோட போகட்டும்” என்றார்.

நாமக்கல்காரர் பினியனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் ஆயுதபூசைக்கு ஜாக்கிக்கே மாலை போடுகிறவர். பொட்டைத் துடைக்க அவருக்குக் கை வரவில்லை. நம்பரைப் பார்ப்போமே என்று நான் சொன்னேன். “அவரு வீட்டுல இருந்து அவரே கொண்டாந்ததுப்பா” என்றார். அடுத்த நாள், பற்கள் பொருந்துகின்றனவா என்று அவற்றில் நீல மையைத் தடவிச் சுழற்றிப் பார்த்தபோது மை பல்லின் நடுவில் படியாமல் ஓரத்தில் படிந்தது. மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் பாதி நாள் போராடினார். கடைசியில் சுமாராக வந்தது. “ஓட ஓடப் படியும்” என்றார். அந்த முகத்தை நான் நம்பவில்லை. ஆனால் அது அவருடைய கராஜ்.

லொறி ஓடியது. முதல் நாளிலிருந்தே பின்னாலிருந்து ஒரு ஊளை. வேகம் கூட்டினால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி. லொறிக்காரர் நாளுக்கு நாலு தடவை தொலைபேசியில் கூப்பிட்டு, ஃபோனைச் சன்னலுக்கு வெளியே பிடித்து, “கேக்குதோ? கேக்குதோ?” என்பார். எங்களுக்குக் காற்றுத்தான் கேட்கும்.

ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை, மூட்டை இறக்க என்னையும் ஏற்றிக்கொண்டு ஆர்ச்வேயில் இருந்து ஹைகேட் மலைக்குத் தேங்காய் கொண்டு போனார். முருகன் கோயிலுக்குக் கொஞ்சத் தூரம் இருக்கும்போது கீழே ‘டக்’ என்றது. பிறகு அரைகிற சத்தம். எஞ்சின் ஓடுகிறது, லொறி நகரவில்லை. அவர் கைப் பிரேக்கை இழுத்தார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்த சனம் விஷயம் கேட்டு, ஆளுக்கு நாலைந்து தேங்காயாகச் சுமந்துகொண்டு போனது. லொறிக்காரர் அவர்களையும் எண்ணிக்கொண்டு நின்றார்.

இழுவை வண்டியில் கராஜுக்கு வந்தோம். அடுத்த நாள் காலை மூன்று பேரும் நிற்க நாமக்கல்காரர் அச்சைத் திறந்தார். எண்ணெயில் வெள்ளித் தூள் மாதிரி இரும்பு. பெரிய சக்கரத்தில் பற்கள் வரிசையாக உடைந்திருந்தன, பினியனிலும்தான். சந்தனம் எண்ணெயில் கரைந்துபோய், பினியனின் தலை பளிச்சென்று இருந்தது. பெரிய சக்கரத்தில் முப்பத்தொன்று. பினியனில் அறுபத்துநாலு.

லொறிக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நான் சரியானதைத்தான் குடுத்தனான். பூட்டுறதுக்கு முதல் நாள் ராத்திரி இது இஞ்சதான் கிடந்தது. இஞ்ச படுக்கிறது ஆர்?”

“அண்ணை, நான் ஏன் மாத்திறன்?”

“அதைத்தான் நானும் கேக்கிறன். பையைக் கொண்டா.”

நாமக்கல்காரர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமாகி வெகுநேரம் ஆகியும் துடைத்தார். நம்பரைப் பார்க்காமல் பூட்டியது அவர். பழி என்மேல் விழுந்தால் அவருக்கு வசதி என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதில் பாதி உண்மை என்றுதான் நினைக்கிறேன்.

லொறிக்காரர் பையை இழுத்துத் திறந்து தரையில் கவிழ்த்தார். அப்போதுதான் சிப் அறுந்தது. இரண்டு சட்டை, துவாய், சார்ஜர், ஒரு மீன் டின், என்னுடைய கைக்கருவிகள். பினியன் இல்லை. நாமக்கல்காரர் மெல்லக் குனிந்து ஒரு ஸ்பேனரை மட்டும் பொறுக்கினார். “இது என்னுது” என்றார்.

“நீங்கள்தானே அண்ணை வச்சுக்கொள் எண்டு தந்தது?”

“தந்தேனா?” என்று கேட்டுவிட்டு என் சாமான்களோடேயே திருப்பிப் போட்டார்.

“வித்திருப்பான்” என்றார் லொறிக்காரர்.

இதுதான் நடந்தது. ரயில் நிலைய வாசலில் நின்றபோது ஈஸ்ட்ஹாமில் இருக்கும் பழைய அறைத்தோழன் கூப்பிட்டான். “என்னடா, கியர் களவெடுத்துப் பிடிபட்டியாம்?” நான் கராஜை விட்டு வந்த தூரம் ஒரு மைல்கூட இல்லை.

ஒரு பெஞ்சில் இருந்து யோசித்தேன். நான் பினியனை எடுத்திருந்தால், அதே மாதிரி இன்னொன்றை அந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த இன்னொன்று எனக்கு எங்கிருந்து வந்தது? நான் அறிந்தவரை லண்டனில் அறுபத்துநாலாம் நம்பர்ப் பினியன் ஒன்றுதான். அது அவருடைய வீட்டுச் சாமியறையில் இருந்தது. அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததே இல்லை. அப்படியென்றால் இப்போது அந்தச் சாமியறையில் இருப்பது எது?

நாமக்கல்காரரைக் கூப்பிட்டு விலாசம் கேட்டேன். “எதுக்குப்பா? வீட்டுக்குப் போயி சண்டை போடவா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். “அனுப்பறேன். நான் குடுத்தேன்னு சொல்லிடாத.”

பேக்கர் ஸ்ட்ரீட்டில் ரயில் மாறி மெட்ரோபொலிட்டன் லைனில் ஹரோவுக்குப் போனேன். சோடிச் சோடியாக ஒட்டிய வீடுகள் உள்ள தெரு. அவருடைய கதவில் கமெராவோடு கூடிய மணி. அதை அழுத்திவிட்டு, வாசற்படியில் ஏறாமல் இரண்டடி பின்னால், இரண்டு கையும் தெரியும்படி நின்றேன்.

கதவு திறப்பதற்கு முன்னால் மணிதான் பேசியது. அவர் குரல்.

“டேய்! அங்க என்ன செய்யிறாய்?”

அவர் எங்கேயோ இருந்து ஃபோனில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, சாமியறையில இருக்கிற மற்றப் பினியனை ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ.”

“அதையும் எடுக்க வந்தனியோ? பொலிசைக் கூப்பிடுறன்.”

“கூப்பிடுங்கோ. அவையும் பாக்கட்டும்.”

சத்தம் கேட்டுக் கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. நெற்றியில் புதுத் திருநீற்றோடு அவருடைய மனைவி. “ஆர் தம்பி நீ?”

“திறவாதை!” என்றது மணி.

“அக்கா, நான் உள்ள வரமாட்டன். உங்கட சாமியறையில ஒரு இரும்பு கிடக்கு. அதைக் கொண்டுவந்து இந்தக் கமெராவுக்குக் காட்டுங்கோ. நான் தொடவும்மாட்டன்.”

“அந்தச் சந்தனம் பூசினதோ? விளக்கு வைக்க இடமில்லாமல் அதைத்தான் ஒரு மாசமாத் தள்ளித் தள்ளி வைக்கிறன்” என்றார் அக்கா. போய், குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். சங்கிலி இடைவெளிக்குள்ளால் பினியனின் தலையை வெளியே நீட்டி, மணிப் பக்கம் திருப்பினார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நம்பர் தெரியவில்லை.

“அக்கா, பொட்டைத் துடைக்கவேணும்.”

“இஞ்ச பார், வெள்ளிக்கிழமை! பொட்டை அழியாதை!” என்று மணி கத்தியது.

“இஞ்சேருங்கோ, இரும்பின்ரை பொட்டுத்தானே. என்ரையில்லையே” என்றார் அக்கா. தோளில் கிடந்த சமையல் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தார். துடைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கி வாசித்தார். “முப்பத்தொண்டு.”

தெருவில் ஒரு கார் போனது. கமெராவின் நீல வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“என்னங்கோ, கேட்டதோ? முப்பத்தொண்டு.”

“கேட்டது.”

“அப்ப எந்த நம்பரைக் குடுத்தனீங்கள்?”

“நீ பேசாமல் இரு.” பிறகு என்னைப் பார்த்து: “ரெண்டுக்கும் பொட்டு வைச்சது. ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருந்தது.”

“ஓம் அண்ணை. அதுக்குத்தான் கம்பி கட்டித் தந்தவங்கள்.”

“சரி, சரி. இப்ப அங்க வீட்டில ஒரு சின்னன் முழுசா இருக்கு. கராஜில அறுபத்துநாலு பெரியது முழுசா இருக்கு. அது ரெண்டையும் சேர்த்துப் போட ஏலாதோ?”

அக்கா சிரித்த சிரிப்பில் சங்கிலி குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் ஒரே நாளில் இரண்டு சோடியையும் கெடுத்திருக்கிறார் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

“அண்ணை, நீங்கள் ஆராருக்கு என்னைப் பற்றிச் சொன்னனீங்கள்?”

“நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“ஈஸ்ட்ஹாம் வரைக்கும் தெரியும்.”

“சரி, சொல்லுறன். பிழை எண்டு சொல்லுறன். நீ நாளைக்குக் கராஜுக்கு வா.”

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். கோப்பை இடைவெளிக்குள்ளால் வராததால் சங்கிலியைக் கழற்ற வேண்டியிருந்தது. மணியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கழற்றினார். வாசலில் நின்றே குடித்தேன். கோப்பையை அவர் கையிலேயே கொடுத்தேன், கீழே வைக்கவில்லை.

அன்று ஈஸ்ட்ஹாம் அறையில் நிலத்தில் படுத்தேன். அங்கே நாலு பேர். நான் உள்ளே வந்ததும் ஒருவன் மேசையில் இருந்த தன் ஃபோனை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தான். லொறிக்காரர் பிழையென்று யாருக்காவது சொன்னாரா என்று தோழனிடம் கேட்டேன். “எனக்கு ஒண்டும் வரேல்லை” என்றான். களவுச் செய்தி ஒரு மைலுக்குள் வந்து சேர்ந்தது. மற்றது இன்றுவரை வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

காலையில் நாமக்கல்காரர் கூப்பிட்டார். “வா தம்பி, மேல உன் இடம் அப்படியேதான் இருக்கு. ஸ்பேனரும் வேணா வச்சுக்க.”

“இல்லை அண்ணை, வரேல்லை.”

“கோவமா?”

கோபம் இல்லை. அடுத்த தடவை ஒரு நட்டு காணாமல் போனாலும் அவர் முதலில் என் பையைத்தான் பார்ப்பார். நானும் அவர் கையைத் துடைக்கிற விதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதைச் சொல்லாமல் ஃபோனை வைத்தேன்.

நம்முடைய ஆட்களின் தொலைபேசி போகாத இடம் எனக்கு ஒன்றுதான் தெரியும். தேம்ஸ் கரை யார்டுக்குப் போனேன். லித்துவேனியருக்கு என் முகம் ஞாபகம் இருந்தது. வேலை இருக்கிறதா என்று கேட்டேன். அச்சுகளைக் கழற்றத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் மேலே பேசுவதற்கு முன்னரே என் பையை அவருடைய மேசையில் கவிழ்த்து, என்னுடைய சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். அவர் குழம்பிப்போய், தனக்குப் பழைய ஸ்பேனர்கள் வாங்க விருப்பமில்லை என்றார். பிறகு யார்டு வாசல் படலையின் திறப்பு ஆணியில் தொங்குகிறது, கடைசியாகப் போகிறவர் பூட்டவேண்டும் என்று சொன்னார்.

முதல் நாளே திறப்பைக் காட்டுகிற மனிதரை எப்படி நம்புவது? அன்று கடைசி ஆளாகப் போவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டேன்.

கொட்டகைக்குள் கழற்றிய பற்சக்கரங்கள் குவிந்து கிடந்தன. அவர் ஒரு சுருள் கம்பியும் குறடும் துணியும் தந்து, சோடி சேர்த்துக் கட்டச் சொன்னார். முதல் பினியனை எடுத்து அதன் தலையைத் துடைத்தேன். நம்பரைச் சத்தமாக வாசித்தேன். குவியலில் அதே நம்பர்ச் சக்கரத்தைத் தேடி எடுத்து, இன்னொரு தடவை வாசித்துவிட்டு, கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிக் குறட்டால் முறுக்கினேன்.